இசபெல் உப்பேர்: 'பியானோ டீச்சர்' பார்த்தாயிற்று, அடுத்து எது?

வழிப்போக்கன்:
'அமோர்' படத்தில் மகளாக வந்த பிரெஞ்சு நடிகை யார் என்று தேடப் போய், இசபெல் உப்பேர் நடித்த 'தி பியானோ டீச்சர்' (2001) பார்த்துவிட்டேன். ராத்திரி தனியாகப் பார்க்கிற படமா அது! இந்த நடிப்புக்குத்தான் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பாதிப் படத்துக்கு அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை, கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். என்ன பெருமை இதில்? வேறு எதைப் பார்த்தால் பிடிபடும்? இந்த ரெண்டையும் எடுத்த இயக்குநர் ஹனெகே மட்டும் வேண்டாம்.

கொட்டகைமணி:
கடைசிக் காட்சியை மட்டும் திரும்பப் பாருங்கள். அரங்கின் முகப்பில் தன்னையே கத்தியால் குத்திக்கொள்ளும்போது ஒரே நொடி முகம் கோணிப் பல் தெரியும், அடுத்த நொடி பழையபடி ஆகிவிடும், கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் நடந்து போய்விடுவார். அதுவரை எதையும் காட்டாமல் வைத்திருந்ததால்தான் அந்த நொடி அவ்வளவு வலிக்கிறது.

அடுத்து பிரெஞ்சு இயக்குநர் க்ளோட் ஷப்ரோல் பக்கம் போங்கள். இருவரும் சேர்ந்து ஏழு படங்கள், முதலாவதான 'வியோலெத் நோசியேர்' (1978) படத்திலேயே உப்பேருக்குக் கானில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. என் ஓட்டு 'லா செரிமனி'க்கு (1995). எழுதப் படிக்கத் தெரியாததை மறைத்துக்கொண்டு பணக்கார வீட்டில் வேலை பார்க்கும் பெண்ணாக சாந்த்ரின் பொன்னேர், அவளோடு சிநேகமாகும் தபால் அலுவலகப் பெண்ணாக உப்பேர். இதில் கல்லும் இல்லை மண்ணும் இல்லை, வாய் ஓயாமல் வம்பளக்கிறார், சூயிங்கம் மெல்லுகிறார், அப்படியே நம் வயிற்றைக் கலக்குகிறார். வெனிஸ் திரைப்பட விழாவில் இரண்டு நடிகைகளுக்கும் சேர்த்தே விருது கொடுத்தார்கள். முடிவை யாரும் இங்கே சொல்லித் தொலைக்காதீர்கள்.

தேன்மொழி:
மணி அண்ணா, ராத்திரி தூக்கம் போனவருக்கு ஷப்ரோலா? நல்ல மருந்து! 'திங்ஸ் டு கம்' (2016) பாருங்கள். தத்துவ ஆசிரியை, கணவர் வேறொரு பெண்ணோடு போய்விடுகிறார், அம்மா இறந்துபோகிறார், அம்மாவின் குண்டுப் பூனை பண்டோரா இவர் தலையில் விழுகிறது. இவ்வளவுக்கும் பெரிய ஒப்பாரி எதுவும் கிடையாது. நம்மைப் பரிதாபப்பட வைக்க அவர் முயற்சியே செய்வதில்லை, அதனாலேயே எனக்கு அழுகை வந்தது.

வழிப்போக்கன்:
ரெண்டையும் குறித்துக்கொண்டேன். 'எல்' எப்படி? அதற்குத்தானே ஆஸ்கர் பரிந்துரை?

கொட்டகைமணி:
ஆமாம், வாழ்க்கையிலேயே முதல் பரிந்துரை, அப்போது வயது 63. இயக்குநர் வெர்ஹூவன் அதை அமெரிக்காவில் எடுக்கத்தான் நினைத்தார், அங்கே பெரிய நடிகைகள் யாரும் ஒத்துக்கொள்ளாததால் பிரான்சுக்கே போனார். பாலியல் வன்முறையில்தான் படமே தொடங்குகிறது, அதனால் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 'ஸ்டோரி ஆஃப் விமன்' (1988) அதற்கு முன்னால் வரட்டும். பிரான்சில் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் கருக்கலைப்பு செய்ததற்காக 1943இல் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்தில் கொல்லப்பட்ட மரி லூயிஸ் ஷிரோவின் கதையை வைத்து எடுத்தது. ஷப்ரோல் அவளைத் தியாகி ஆக்கவில்லை, உப்பேரும் ஆக்கவிடவில்லை. காசு வர ஆரம்பித்ததும் அவளுக்கு வரும் குஷியைக் கவனியுங்கள்.

சோடாபாட்டில்:
எல்லாரும் அழவைக்கிறீர்களே! கொரிய இயக்குநர் ஹாங் சாங்-சூ எடுத்த 'எ டிராவலர்ஸ் நீட்ஸ்' (2024) பாருங்கள். சியோலில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறார், பாதி நேரம் மக்கொல்லி என்ற கொரிய அரிசி மது குடிக்கிறார். என்ன முறையில் சொல்லித்தருகிறார் என்று படம் முடிந்தும் எனக்கு விளங்கவில்லை, ஆனால் பீஸ் மட்டும் சரியாக வாங்கிவிடுகிறார்.