கைப்பேசிக்குத் தாமதமாக வரும் மின்னஞ்சல்: எங்கள் அனுபவங்கள்

நேர்காணல் நேரத்தை மாற்றியிருப்பதாக வந்த மின்னஞ்சலை, அந்த நேரம் கடந்த பிறகுதான் என் கைப்பேசியில் பார்த்தேன். செயலியைத் திறந்ததும் காலையிலிருந்து வந்த அஞ்சல்கள் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தன. அதே கணக்கைக் கணினியில் திறந்தால், ஒவ்வொன்றும் அதனதன் நேரத்திலேயே வந்திருக்கிறது. யாருக்கு இந்தத் தொல்லை வந்தாலும் முதலில் இப்படிக் கணினியில் பார்த்துவிடுங்கள். அங்கே இருந்து கைப்பேசியில் இல்லையென்றால், அஞ்சல் சர்வருக்கு, அதாவது அஞ்சல் சேவையின் கணினிக்கு, வந்துவிட்டது, கைப்பேசிதான் அதை எடுக்கவில்லை என்பது உறுதி.

என் விஷயத்தில் காரணம் பேட்டரி சேமிப்பு. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல் 'டோஸ்' என்றொரு வசதி இருக்கிறது. சார்ஜரில் இல்லாத கைப்பேசி, திரை அணைந்து அசையாமல் கிடந்தால், செயலிகளின் இணையத் தொடர்பை அது நிறுத்திவைக்கும். இடையிடையே சற்று நேரம் மட்டும் திறந்துவிடும். நேரம் போகப் போக அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகும். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு வேலையில் மூழ்குபவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். போதாக்குறைக்குச் சில தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்கும் கட்டுப்பாடுகளைச் சேர்த்துவிடுகிறார்கள். பயனரிடம் தெளிவாகச் சொல்லாமல் இப்படிச் செய்வது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

அமைப்புகளில் அஞ்சல் செயலியின் பேட்டரிப் பகுதிக்குச் சென்று கட்டுப்பாட்டை நீக்கினேன். டேட்டா செலவைக் குறைக்கும் 'டேட்டா சேமிப்பு' வசதியிலும் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு அளித்தேன். இப்போது உடனுக்குடன் வருகிறது. கண்ட செயலிக்கெல்லாம் இந்த விலக்கைக் கொடுத்துவிடாதீர்கள், பேட்டரி தாங்காது.

* * *

நான் ஐபோன் வைத்திருக்கிறேன். அலுவலக அஞ்சல் உடனே வரும், சொந்தக் கணக்கின் அஞ்சல் மட்டும் பிந்தும். அலுவலகக் கணக்கு 'புஷ்' முறையில் இருந்தது, அதாவது அஞ்சல் வந்ததும் சர்வரே தெரிவித்துவிடும். சொந்தக் கணக்கோ 'ஃபெட்ச்' முறையில் இருந்தது, கைப்பேசி அவ்வப்போது போய்க் கேட்டால்தான் உண்டு. அதிலும் 'தானியங்கி' என்று வைத்திருந்தால், சார்ஜரிலும் வைஃபையிலும் இருக்கும்போது மட்டுமே பின்னணியில் அஞ்சலை எடுக்கும். இரவில் ஒழுங்காக வந்து, வெளியே போனால் நின்றுபோனதன் காரணம் அப்போது புரிந்தது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை என மாற்றினேன். பேட்டரி குறைந்து குறைந்த மின்சக்தி நிலைக்குப் போனால் இதுவும் நின்றுவிடும்.

* * *

எங்கள் அலுவலகத்தில் நடந்தது வேறு. கணினியிலும் அஞ்சல் தாமதமாகவே வந்தது. ஆனாலும் எல்லோரும் கைப்பேசியைத்தான் குறை சொன்னார்கள், ஒருவர் அதை முழுதாக அழித்து மறுபடி அமைக்கும் அளவுக்குப் போய்விட்டார். வீண் வேலை!

அஞ்சலின் அசல் வடிவத்தைக் கணினியில் திறந்தால், தலைப்பகுதியில் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் பதிவுகள் இருக்கும். அஞ்சல் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் நேரத்தோடு அதில் ஒரு பதிவு இடும். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நேர மண்டலத்தைச் சரிசெய்துகொண்டு ஒப்பிட்டால், எந்த இரண்டு பதிவுகளுக்கு நடுவே நேரம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அது அனுப்புநரின் சர்வருக்கும் எங்கள் சர்வருக்கும் இடையே இருந்தது. எரிதங்களை, அதாவது வேண்டாத ஸ்பேம் அஞ்சல்களை, தடுக்க 'கிரேலிஸ்டிங்' வைத்திருந்தார்கள். அறிமுகமில்லாத அனுப்புநரை முதல் முறை 'பிறகு வா' என்று திருப்பி அனுப்பும் முறை அது. முறையான சர்வர் மறுபடி முயலும், ஆனால் அதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி அஞ்சலுக்கு அது போதும், பயனற்றுப்போக. அந்தப் பதிவுகளை அப்படியே நிர்வாகிக்கு அனுப்பினோம். வழக்கமான அனுப்புநர்களுக்கு அவர் விலக்கு அளித்ததும் தாமதம் நின்றது.

* * *

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலில் இன்பாக்ஸ் பல பிரிவுகளாக இருந்தால், இயல்பாக முதன்மைப் பிரிவுக்கு மட்டுமே அறிவிப்பு ஒலிக்கும். என் தங்கை தாமதம் என்று நினைத்த அஞ்சல்கள் வேறு பிரிவில் நேரத்துக்கே வந்து கிடந்தன. அந்தப் பிரிவுக்கும் அறிவிப்பை இயக்கிக் கொடுத்தேன்.