கரிமச் சுழற்சி ஆய்வில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

முகில்:
தாவரவியல் முதுகலை முடித்துவிட்டேன். முனைவர் பட்டத்துக்குக் காடு, புல்வெளிகளின் கரிமச் சுழற்சி, ஊட்டச்சத்துச் சுழற்சி பக்கம் போக ஆசை. ஆனால் படிக்கப் படிக்க, எல்லாவற்றையும் யாரோ செய்து முடித்துவிட்டது போலவே தோன்றுகிறது. திறந்து கிடக்கும் கேள்விகள் எவை? களப்பணிக்குத் தயார். நிரல் எழுதவும் ஓரளவு வரும்.

வேர்க்கால்:
தம்பி, மண்ணுக்குள் போங்கள். மேல் ஒரு மீட்டர் மண்ணில் மட்டும் சுமார் 1,500 பெட்டாகிராம் (ஒரு பெட்டாகிராம் என்றால் நூறு கோடி டன்) கரிமம் இருக்கிறது. காற்றில் இருப்பதைவிட அதிகம். அது உள்ளே தங்குமா, வெளியேறுமா என்பதில் தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) பெரிய பங்கு உண்டு.

சிட்னிக்கு அருகே நடக்கும் யூக்ஃபேஸ் ஆய்வைப் படியுங்கள். மணிச்சத்து குறைந்த மண்ணில் வளர்ந்த முதிர்ந்த யூகலிப்டஸ் காடு அது. காற்றில் கரியமில வாயுவைக் கூட்டினார்கள். மரங்கள் கூடுதலாக ஈர்த்தன, ஆனால் பருக்கவில்லை. 2020இல் வெளிவந்த கணக்குப்படி, அந்தக் கூடுதலில் பாதி மண் சுவாசம் வழியாகவே, அதாவது வேர்களும் மண் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவாகவே, திரும்பிப் போய்விட்டது. இருக்கும் கொஞ்ச மணிச்சத்தையும் வேருக்கு முன்பே நுண்ணுயிர்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதை எந்தப் பருவத்தில், எந்த ஆழத்தில் விடுகின்றன? நான் இப்போது தொடங்குவதாக இருந்தால் இதைத்தான் எடுப்பேன்.

தரவுப்பித்தன்:
நிரல் வரும் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே தொடங்கலாம். காட்டுக்கும் காற்றுக்கும் இடையே கரியமில வாயு போய்வருவதை உலகெங்கும் கோபுரங்களில் அளக்கும் வலையமைப்பு ஃபிளக்ஸ்நெட்; அதன் தரவு பொதுவில் கிடைக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு ஃபாரஸ்ட் ஆய்வுக் காட்டில் 1991 முதல் மண்ணை 5 டிகிரி கூடுதலாகச் சூடாக்கி வருகிறார்கள், அந்த அளவீடுகளையும் எடுக்கலாம்.

முகில்:
நன்றி. பெரிய கருவிகள் இல்லாமல் களத்தில் ஏதாவது செய்ய முடியுமா, அக்கா?

வேர்க்கால்:
தாராளமாக. நைலான் வலைப் பையில் சருகைக் கட்டி மண்ணில் போட்டு, மாதாமாதம் சில பைகளை எடுத்து உலர்த்தி எடை பாருங்கள். மட்கும் வேகம் தெரிந்துவிடும்.

மண் சுவாசம் அளக்க ஒரு கையடக்கக் கருவியை இரவல் வாங்க வேண்டியிருக்கும். கருவியைப் பொருத்தும் வளையத்தை மண்ணில் அழுத்தியதுமே அளக்காதீர்கள். அறுந்த வேரும் கலைந்த மண்ணும் அளவை ஏற்றிக் காட்டும். ஒரு நாளாவது விடுங்கள். அப்புறம், காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் கரியமில வாயு குபுகுபுவென்று வெளியேறும். பிர்ச் விளைவு என்பார்கள். மாதம் ஒருமுறை அளப்பவரிடம் இது சிக்கவே சிக்காது, ஆண்டுக் கணக்கும் தப்பாகிவிடும். அந்த மழையோடு தழைச்சத்து எவ்வளவு விடுபடுகிறது என்றும் சேர்த்து அளந்தால், அதுவே நல்ல ஆய்வு. வழிகாட்டிக்கு மின்னஞ்சல் எழுதும்போது "கரிமச் சுழற்சியில் ஆர்வம்" என்று மட்டும் எழுதாமல் இந்த மாதிரி ஒரு கேள்வியை முதல் வரியிலேயே வையுங்கள்.