தனுஷ்கோடிக் கோயில் கல்

*குடும்பம் – பாம்பன், தங்கச்சிமடம்*

மதினி, காலை 6:02
(படம்)
நேற்று தனுஷ்கோடி போய் வந்தோம். சின்னவன் கையில் இருக்கும் கல்லைப் பாருங்கள், மேலெல்லாம் பூப்பூவாகக் குழி. மதுரைக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைக்கப் போகிறானாம்.

பெரியப்பா, 6:05
எங்கே எடுத்தான் அம்மா? கரையிலா, கோயிலிலா?

மதினி, 6:06
பழைய சர்ச்சுக்குள் தரையில் கிடந்தது பெரிய மாமா. சுவரைப் பெயர்க்கவில்லை. பக்கத்தில் ஒரு கூட்டம் சாவியால் சுவரில் பெயர் கீறிக்கொண்டிருந்தது.

அத்தை, 6:08
வயிறு எரிகிறது. எங்கள் அம்மா சின்ன வயதில் புதுநன்மை (முதன்முதல் நற்கருணை) வாங்கிய கோயில் அது. நான் இப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

பெரியப்பா, 6:14
அது பவளக்கல். கடலுக்குள் பாரில், அதாவது பவளத் திட்டில், வெட்டி எடுத்தது. அதையே சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அந்தச் சுண்ணாம்பிலேயே கட்டினார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பாம்பனிலிருந்து போன 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலே நூறு பேருக்கு மேல் பயணிகளோடு கடலோடு போனது. ஊரே போனது. கூரை இல்லாமல் அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது.

தம்பி, 6:17
உதிர்கிற இடத்தில் சிமென்ட் பூசினால் என்ன பெரியப்பா?

பெரியப்பா, 6:21
கூடாது. பவளக்கல் ஈரத்தைக் குடிக்கும், வெளியேயும் விடும். சிமென்ட் பூசினால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். நம் பழைய வீட்டுப் பின்சுவருக்கு நானே பூசினேன். நாலு வருஷம் கழித்துப் பூச்சைத் தட்டினால் பின்னால் கல் இல்லை, மாவு மாதிரி கொட்டியது. சுண்ணாம்புக் காரைதான் அதற்குச் சரி.

நான், 6:24
கல்லுக்குப் பதில் கல் வைக்கவும் வழியில்லை. 2001இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. இனி பாரில் ஒரு துண்டு எடுக்க முடியாது. அங்கே கிடப்பதுதான் அந்தக் கோயிலுக்கு மிச்சம் மதினி.

மதினி, 6:31
சின்னவனிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் அவனே கேட்டான், எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாமா என்று. மதியம்தான் மதுரைக்குக் கிளம்புகிறோம்.

பெரியப்பா, 6:32
நான் கூட்டிப் போகிறேன். வெயில் ஏறுவதற்குள் போய் வந்துவிடலாம். கல்லைத் துணியில் சுற்றி வை அம்மா, வெறும் பையில் போட்டால் ஓரம் உதிரும்.

அத்தை, 6:33
நானும் வருகிறேன். மெழுகுவர்த்தி எடுத்துக்கொள்கிறேன்.