ஊசி புதுசுதான், மற்றதெல்லாம்?

கோவையில் போன மாதம் முன்கையில் ஒரு யாளி டாட்டூ போட்டுக்கொண்டேன். "ஊசி பாக்கெட்டை உன் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லு" என்று நண்பர்கள் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிரித்தார். காலாவதித் தேதி பார்த்தேன், லாட் எண்ணைக்கூடப் படித்தேன். பரீட்சையில் முதல் கேள்விக்கே முழு மதிப்பெண் வாங்கிய மாதிரி இருந்தது.

அரை மணி நேரத்தில் அவர் போன் அடித்தது. கறுப்பு மையும் என் ரத்தமும் கலந்து பிசுபிசுத்த அதே கையுறையோடு எடுத்துப் பேசினார். பேசி முடித்ததும் பாட்டை மாற்றினார். அப்புறம் அதே விரல்களால் என் தோலை இழுத்துப் பிடித்து வேலையைத் தொடர்ந்தார். "அண்ணா, கிளவுஸ் மாத்திடலாமே" என்றேன். "உங்க ரத்தம்தானே தம்பி, உங்களுக்கு என்ன ஆகப்போகுது?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். காலையில் வந்தவருடைய ரத்தமும் அந்தப் போனில் இருந்திருக்குமே என்று உறைத்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

போட்டுக்கொண்டவர்கள், போடுகிறவர்கள், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

*

நான் மதுரையில் ஒன்பது வருஷமாக டாட்டூ போடுகிறேன். வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: ஊசி புதுசா? கார்ட்ரிட்ஜ் ஊசிகள், அதாவது மெஷினில் அப்படியே செருகும் சின்னக் கூட்டுக்குள் இருக்கும் ஊசிகள், எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கி, ஒவ்வொன்றும் தனி உறையில் வருகின்றன. மெஷினைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆரம்பத்தில் மலிவான கார்ட்ரிட்ஜை மொத்தமாக வாங்கினேன். நல்ல கார்ட்ரிட்ஜுக்குள் ரப்பர் மாதிரி ஒரு சவ்வு இருக்கும். ஊசி முன்னும் பின்னும் அடிக்கும்போது மை மேலே ஏறாமல் தடுப்பது அதுதான். நான் வாங்கியதில் அது இல்லை. அப்படி ஒன்று இருக்கும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. ஒருநாள் மெஷின் சத்தம் மாறுகிறதே என்று பிடியைக் கழற்றினேன். ஊசியைத் தள்ளுகிற கம்பியைச் சுற்றிக் கறுப்பும் பழுப்புமாகக் காய்ந்த பொருக்கு. நான் பழுப்பு மை வாங்கியதே இல்லை.

அன்று கடையைச் சாத்திவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷினைத் தூக்கிப் போட்டாயிற்று.

மோட்டார் உள்ள மெஷினை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் பாத்திரத்தில், வைக்க முடியாது. அதனால்தான் மெஷினுக்கு ஒரு உறை, ஒயருக்கு ஒரு உறை, சோப்புத் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு உறை, பவர் சப்ளைத் திருகின் மேல் கிளிங் ஃபிலிம். ஆள் மாறும்போது எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். எனக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். "என்னண்ணே, சாப்பாட்டுப் பார்சலா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும்.

இன்னும் ஸ்டீல் பிடி வைத்திருக்கும் தொழில்காரர்களுக்கு ஒன்று. ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் கிருமி நீக்கம் ஆகாது. நீல வெளிச்சப் பெட்டியும் அப்படித்தான். தேய்த்துக் கழுவி, உறையில் போட்டு, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். உறை மேலுள்ள பட்டை நிறம் மாறினால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம். கிருமி செத்ததா என்று அறிய, சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகளை உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் தனியாக உண்டு. அதைச் செய்யாமலே நாலு வருஷம் ஓட்டியவன்தான் நானும்.

*

ரத்த வங்கியில் நர்ஸாக இருக்கிறேன். கோவைத் தம்பிக்கு: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்திலும், குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். போன், பாட்டில், விளக்கின் கைப்பிடி எல்லாமே கணக்குதான். பயமுறுத்தவில்லை. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், ஆறு மாதம் கழித்து இன்னொன்று. தடுப்பூசி போட்டதில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு உடனே தொடங்குங்கள். 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி.

முகாம்களில் எனக்கு வாடிக்கையாக நடக்கும் சண்டை ஒன்று. டாட்டூ போட்டு 12 மாதம் ஆகாமல் ரத்தம் எடுக்க மாட்டோம். ஒரு கல்லூரிப் பையன் முழுக்கைச் சட்டையைக் கடைசி வரை மடிக்கவே இல்லை. மணிக்கட்டில் தேளின் வால் மட்டும் எட்டிப் பார்த்தது. "ரெண்டு மாசம்தான்க்கா ஆச்சு, ஆனா காயம் ஆறிடுச்சு" என்றான். காயம் ஆறியதா என்பதல்ல எங்கள் கேள்வி என்று அவனுக்குப் புரியவைப்பதற்குள் டீ ஆறிப்போனது.

*

என் கதையில் ஊசி, கையுறை, உறை எல்லாமே ஒழுங்கு. சாம்பல் நிற ஷேடிங் வேண்டும் என்றேன். அந்த அக்கா கறுப்பு மையை நீர்க்கச் செய்ய, பக்கத்திலிருந்த 20 லிட்டர் கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்தார். குடிக்கிற தண்ணீர்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் சாம்பல் இருந்த இடத்தில் மட்டும் வேர்க்குரு மாதிரி சிவப்புப் புள்ளிகள். கறுப்புக் கோடுகளில் ஒன்றுமில்லை. அலர்ஜி என்று இரண்டு மாதம் களிம்பு பூசினேன். கடைசியில் தோல் டாக்டர் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். தண்ணீரில் வாழும் மைக்கோபாக்டீரியா என்ற கிருமி. ஐந்து மாதம் மாத்திரை. அவர்தான் சொன்னார்: 2011-12இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 19 பேருக்கு இதே மாதிரி வந்ததாம். அங்கே டாட்டூக்காரர் மேல் தப்பில்லை. தயாரிப்பாளரே நீர்க்கச் செய்து விற்ற சாம்பல் மையில்தான் கிருமி இருந்தது. நம் ஊரில் கேனே போதும்.

*

எல்லாம் சரி, எங்கள் அம்மாச்சி இரண்டு கையிலும் கோலம் கோலமாகப் பச்சை குத்தியிருந்தார். வீட்டு வாசலில் உட்கார்ந்து, விளக்குக் கரியைக் குழைத்து, தெரு முழுக்க ஒரே ஊசி. தொண்ணூறு வயது வரை இருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?

*

நர்ஸ் மறுபடியும். ஆகவில்லை என்று யார் பார்த்தார்கள் ஐயா? அன்றைக்குக் காமாலை வந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஊசியை யாரும் சந்தேகிக்கவில்லை. நியூயார்க் நகரத்தில் சந்தேகித்தார்கள். ஹெபடைடிஸைக் காரணம் காட்டி 1961இல் டாட்டூவுக்கே தடை போட்டு, 1997இல்தான் எடுத்தார்கள்.

*

இந்தப் பேச்சைத் தொடங்கிய கோவைக்காரன்தான். முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை. தடுப்பூசியும் ஒன்று போட்டாயிற்று. யாளிக்கு ஷேடிங் பாக்கி இருப்பதால் அதே அண்ணனிடம் போய், மதுரைக்காரர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெஷினைக் கழற்றி விளக்கடியில் வைத்துப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். சுத்தமாகத்தான் இருந்தது. இந்தச் சனிக்கிழமை போனபோது போனை ஒரு ஸ்டாண்டில் வைத்து, மேலே கிளிங் ஃபிலிம் சுற்றியிருந்தார். அழைப்பு வந்தால் மூக்கால் தொட்டு எடுக்கிறார்.