லேக்கர் பூசிய கிட்டார்: நைசான தாளுக்கு மாறியதும் கீறல் கூடியது ஏன்?

செங்கோட்டை கிட்டார்:
வணக்கம். வீட்டுப் பின்கட்டில் கிட்டார் செய்கிறேன். இது மூன்றாவது. மேல்பலகை ஸ்ப்ரூஸ், பக்கமும் முதுகும் மஹாகனி. என்.சி. லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பளபளப்புப் பூச்சு) எட்டு கோட் அடித்துப் பத்து நாள் ஆகிறது. ஆரஞ்சுத் தோல் போலிருந்த மேடுபள்ளத்தை 600 எண் வாட்டர் பேப்பரில் (ஈர உப்புத்தாள்) தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன், சமமாக வந்தது. எண் கூடினால் நைசு என்று அப்புறம் 800க்கு மாறினேன். கீறல் குறையாமல் கூடிவிட்டது. சில இடத்தில் சுருள் சுருளாகவும் விழுந்திருக்கிறது. ரப்பிங் காம்பவுண்ட் (மெருகேற்றும் பசை) போட்டும் போகவில்லை. சவுண்ட் ஹோல் (மேல்பலகையின் வட்டத் துளை) ஓரத்தில் லேக்கர் லேசாகத் தூக்கியிருக்கிறது. ஆவணியில் கொடுக்க வேண்டிய கிட்டார். என்ன செய்யலாம்?

புளியறைத் தச்சு:
தம்பி, இரண்டு தாளின் முதுகையும் திருப்பிப் பாருங்க. எண்ணுக்கு முன்னால் 'பி' (P) எழுத்து இருக்கா?

செங்கோட்டை கிட்டார்:
800இல் இருக்கிறது அண்ணாச்சி, தென்காசியில் வாங்கியது. 600இல் இல்லை. சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த தாள்.

புளியறைத் தச்சு:
அதுதான் விஷயம். 'பி' போட்டது ஐரோப்பிய அளவு, போடாதது பழைய அமெரிக்க அளவு. அமெரிக்க 600இன் துகள் சுமார் 16 மைக்ரான். பி800 சுமார் 22 மைக்ரான். நைசுக்குப் போவதாக நினைத்துச் சொரசொரப்புக்குப் போயிட்டீங்க. உங்க 600க்கு ஈடு பி1200, அது 15 மைக்ரான் சொச்சம். இனி ஒரே அளவில் பி1200, பி1500, பி2000 என்று போங்க. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்க. முந்தின தாளின் கோடு முழுக்கப் போன பிறகுதான் அடுத்தது. காம்பவுண்டைக் கடைசியில் எடுத்தால் போதும், அது ஆழமான கீறலை அழிக்காது.

மார்த்தாண்டம் பாலிஷ்:
சுருள் கீறலுக்குக் காரணம் வேறு. லேக்கர் இன்னும் இறுகவில்லை. தேய்த்த தூள் உருண்டு தாளில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டிதான் கீறுகிறது. சாரல் நேரத்தில் பத்து நாள் எந்த மூலைக்கும் போதாது. மூக்கருகே வைத்துப் பாருங்கள், தின்னர் வாடை அடித்தால் தொடவே வேண்டாம். நான் ஒரு மாதம் விடுவேன். தேய்க்கும்போது தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, தாளை அடிக்கடி அலசுங்கள். தாளுக்குப் பின்னால் கார்க் கட்டை கட்டாயம். விளிம்புப் பக்கம் கட்டையைக் கொண்டுபோகாதீர்கள், அங்கேதான் முதலில் மரம் தெரியும்.

சவுண்ட் ஹோல் ஓரம் தூக்கியது தண்ணீரால். அங்கே பூச்சில்லாத வெறும் மரம் திறந்திருக்கிறது. குடித்து உப்பிவிட்டது. நன்றாகக் காயவிட்டு, லேக்கரைத் தொட்டுத் தடவி ஓரத்தை அடைத்துவிடுங்கள். அந்த இடத்துக்கு மட்டும் தண்ணீர் இல்லாமல், பவுடர் பூச்சு வருகிற வெள்ளை உப்புத்தாள் எடுங்கள்.

புளியறைத் தச்சு:
நான் ஸ்ப்ரூஸ் முகப்பு முழுவதுக்குமே தண்ணீர் தொடமாட்டேன். லேக்கர் நன்றாக இறுகின பிறகு மினரல் டர்பன்டைன் தொட்டுத் தேய்ப்பேன். மரம் உப்பாது. ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்தில் நெருப்பு ஆகாது.

செங்கோட்டை கிட்டார்:
கீறல் ஆழமாக இருந்தால் மேலே இரண்டு கோட் அடிக்கலாமா?

மார்த்தாண்டம் பாலிஷ்:
அடிக்கலாம். என்.சி. லேக்கர் பழைய கோட்டைக் கரைத்து அதோடு சேர்ந்துவிடும், இடையில் கோடு தெரியாது. ஆனால் காம்பவுண்ட் போட்டுவிட்டீர்களே, அதில் சிலிக்கான் இருந்தால் புதுக் கோட் மீன்கண் போலக் குழி குழியாகப் பிரியும். மினரல் டர்பன்டைனில் துணியை நனைத்து, துணியை மாற்றி மாற்றி மூன்று தடவை துடைத்துவிட்டு, வால்பக்கத்தில் சிறு இடத்தில் அடித்துப் பாருங்கள். சாரல் விழும்போது அடிக்கவே கூடாது. தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும்.

செங்கோட்டை கிட்டார்:
வாடை பார்த்தேன், இன்னும் அடிக்கிறது. உள்ளறையில் தொங்கவிட்டுவிட்டேன். கிட்டாருக்குச் சொன்னவரிடம் புரட்டாசி என்று சொல்லிவிட்டேன், சரி என்றார். இரண்டு தாளையும் தனித்தனி டப்பாவில் போட்டாயிற்று. காய்ந்ததும் பி1200இல் ஆரம்பித்து, வந்து சொல்கிறேன்.