பீட் ஸ்ட்ரீட் படத்தில் ரமோன் சாவது தேவைதானா?

தங்கச்சிமடத்துக்காரர்:
1984இல் வெளியான ‘பீட் ஸ்ட்ரீட்’ படத்தை, எங்கள் தெருவில் நடனம் பழகும் பிள்ளைகளுக்குத் திரையிட்டோம். நியூயார்க்கின் தென் பிராங்ஸில் கென்னி இசைத்தட்டுகளைச் சுழற்றுகிறான்; அவன் தம்பி லீ தரையில் சுழன்றாடுகிறான்; நண்பன் ரமோன் ரயில் பெட்டிகளில் வண்ணம் தெளிக்கிறான். ராக்ஸி அரங்கின் ஆட்டப் போட்டிக்கு ஆரவாரித்த பிள்ளைகள், ரமோன் இறந்ததும், “ரயிலில் கிறுக்குவதற்காக ஒருவன் உயிரை விடுவானா?” என்று கேட்டுவிட்டார்கள். இயக்குநர் ஸ்டான் லாதன் இதை அழுகைக்காகத் திணித்தாரா?

மண்டபம் ஆசிரியை:
திணித்ததாக எனக்குத் தோன்றவில்லை, ஐயா. தகப்பன் ஏசுகிறார், கையில் குழந்தையோடு காதலி கார்மென் காத்திருக்கிறாள், நிலையான வேலையும் இல்லை. அப்படிப்பட்டவனுக்குத் தன் பெயரை நகரம் முழுவதும் சுமந்து செல்லும் வெள்ளை ரயில்தான் கிடைத்தற்கரிய பொருளாகத் தெரிகிறது. அவன் வரைந்ததன்மேல் ஸ்பிட் என்பவன் தன் பெயரைத் தெளித்துக் கெடுத்ததால்தான் துரத்தலும், மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளத்தில் விழுந்து இருவரும் சாவதும் நேர்கின்றன. எனக்கு உறுத்தியது அதன் பின்னர் வரும் புத்தாண்டு இரவு அஞ்சலிதான். துக்கத்தை அத்தனை விளக்கொளியில் காட்டியிருக்க வேண்டாம்.

பாம்பன் மைக்செட்காரர்:
தம்பி, கல்யாண வீடுகளில் இசைத்தட்டு வைத்தவன் என்பதால் நான் கென்னியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் கீறல் விழுந்தாலே என் முதலாளி உதைப்பார். இவர்களோ கையாலேயே தட்டை முன்னும் பின்னும் இழுக்கிறார்கள்! படக்கதை இருக்கட்டும், நிஜத்தில் ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்ற இசைத்தட்டுக் கலைஞர், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸின் செட்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் தங்கை சிண்டி நடத்திய விருந்துக்குத் தட்டு வைத்தார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டுக்குத்தான் கூட்டம் துள்ளுகிறது என்று கவனித்த அவர், ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை அடுத்தடுத்து ஓட்டி அந்தத் துண்டை நீட்டினார். லீ ஆடுவது அந்த நீட்டிய தாளத்துக்குத்தான். ஆடுகிறவனுக்குக் கூட்டம் உடனே கை தட்டிவிடும். ரமோனோ இருட்டில் வரைந்துவிட்டு, விடிந்தபின் யாராவது பார்ப்பார்களா என்று காத்திருக்க வேண்டியவன். அதை அழித்தால் அவனிடம் மிஞ்சுவது என்ன?

தங்கச்சிமடத்துக்காரர்:
நன்றி, அண்ணே. வரும் ஞாயிறு வெள்ளை ரயில் காட்சியை மட்டும் மறுபடியும் போடுகிறோம். நீங்களும் வந்து அந்த இரண்டு தட்டு வித்தையைச் சொல்ல வேண்டும்.