புதுப்பிப்பு: கிராபிக்ஸ் கார்டு வாங்கலீங்க, ராம்தான் போட்டேன்

என் கம்ப்யூட்டர்ல ரைசன் 5 3400ஜி பிராசசர், ஒத்தை 8 ஜிபி ராம்; கேம் திக்குது, என்ன பண்ணலாம்னு முன்னாடி இங்க கேட்டிருந்தேனுங்க. காந்திபுரத்துல பழைய கார்டு பாருன்னு பாதிப் பேர் சொன்னீங்க. தேவைப்படலை. இந்த பிராசசருக்குள்ளேயே இருக்கிற வேகா கிராபிக்ஸ், ராமையேதான் வீடியோ மெமரியா எடுத்துக்குது; ஒத்தை ராம்னா டேட்டா போற பாதை பாதி அகலம்தான். அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி போட்டதும் திக்கல் நல்லாவே குறைஞ்சுது.

ராமுக்கு நாலு ஸ்லாட் இருக்கிற மதர்போர்டுன்னா பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4-ல போடுங்க. மொதல்ல திரையே வரலை: ராமோட ஒரு முனை 'டக்'குனு உட்காரலை, அவ்வளவுதான். (கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க, கழட்டி அழுத்திப் போட்டாப் போதும்.)

பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்கை, ஆன் பண்ணுங்க. இல்லீன்னா 3200 வேக ராம் குறைஞ்ச வேகத்துலயே ஓடும். 3200-ல பூட் ஆகலீன்னா 2933 வைங்க, இந்த பிராசசருக்கு ஏஎம்டி சொல்ற அளவே அதுதான். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல வேகம் தெரியும்.